நியூட்ரலில் இறங்கிய மலை

அன்புள்ள தம்பிக்கு,

போன ஞாயிற்றுக்கிழமை மதியம் நீ திராமனிலிருந்து தொலைபேசி எடுத்தபோது நான் குசினியில் நின்று பருப்புக் கழுவிக்கொண்டிருந்தேன். நீயும் நிரோசாவும் அடுத்த மாதம் நோர்வேயின் வடக்கே போய்க் குடியேறப்போகிறீர்கள் என்பது எனக்கு முன்பே தெரியும். அங்கே உனக்கு மின்சார வேலை கிடைத்திருப்பதும் தெரியும். பழைய டீசல் பிக்கப் ஒன்றும், அதன் பின்னால் கொளுவி இழுக்க ஒரு கரவானும் வாங்கிவிட்டாய் என்பதை அன்றைக்குத்தான் சொன்னாய். "வீடு கிடைக்கும் வரைக்கும் அதுக்குள்ளை இருப்பம் அப்பா," என்றாய். பிறகு கேட்டாய்: "கரவானை இழுத்துக்கொண்டு ஓடினால் பத்துக் கிலோமீற்றருக்கு எத்தினை லீற்றர் குடிக்கும்? உங்களுக்குத்தான் தெரியும்." ஒன்பது வருடமாக நம் இருவருக்கும் இடையில் யாரும் எடுக்காத பேச்சு அது. நான் பதில் தேடுவதற்குள் நீயே அவசரமாகச் சொன்னாய்: "பயப்பிடாதேங்கோ அப்பா. பின்பக்கத்திலை நான் ஒண்டும் ஏத்தமாட்டன். ஒரு சாமானும் ஏத்தமாட்டன்."

நான் "ஓம், ஓம்" என்று சொல்லித் தொலைபேசியை வைத்துவிட்டேன். அதன் பிறகு பருப்பை அடுப்பில் வைக்கவில்லை. கதிரையில் இருந்துவிட்டேன். எனக்குத் தைரியம் சொல்வதற்காக நீ அந்த வார்த்தையைச் சொன்னாய். இருபத்து மூன்று வயதில், மனைவியைக் கூட்டிக்கொண்டு இந்த நாட்டின் பாதி நீளத்தை ஓடப்போகிறவன், தகப்பன் பயப்படக் கூடாதே என்று தன்னைத் தானே குற்றவாளியாக்கி ஆறுதல் சொன்னான். அந்தக் குற்றம் உன்னுடையது அல்ல. ஒருநாளும் உன்னுடையதாக இருந்ததில்லை. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். இதை நீ நிரோசாவுக்கும் வாசித்துக் காட்டவேண்டும். உன் பக்கத்து ஆசனத்தில் இருந்து போகப்போகிறவள் அவள்.

முதலில் நீ கேட்டதற்குப் பதில் சொல்கிறேன். சும்மா ஓடும்போது பத்துக் கிலோமீற்றருக்கு ஒரு லீற்றருக்குக் கொஞ்சம் குறைவாகக் குடிக்கிற பிக்கப், கரவானைக் கொளுவினால் ஒன்றரை லீற்றர் குடிக்கும். எதிர்க்காற்று என்றால் அதற்கும் மேலே. கரவானின் பாரத்தைவிட அதன் நெற்றிதான் டீசலைத் தின்கிறது. ஒரு சுவரை நிமிர்த்தி வைத்துக் காற்றுக்குள் இழுத்துக்கொண்டு போவது போலத்தான் அது. எண்பதில் ஓடாமல் எழுபதில் ஓடினால் வித்தியாசம் தெரியும். டயர்களில் காற்றுச் சரியாக இருக்கவேண்டும். தண்ணீர்த் தாங்கியைப் போய்ச் சேர்ந்த பிறகு நிரப்பு. பாரமான சாமான்களைக் கரவானின் சில்லுகளுக்கு மேலே, நடுவில், தரையோடு வை. மற்றபடி அது குடிக்கிறதைக் குடிக்கட்டும். எரிபொருள் மானியை ஒரு தடவைக்கு மேல் பார்க்காதே. நான் பார்த்தேன். ஒவ்வொரு மேட்டிலும் பார்த்தேன்.

எனக்கு எரிபொருளில் ஏன் அப்படி ஒரு வெறி என்று அம்மா பலதடவை கேட்டிருக்கிறாள். நான் சரியாகச் சொன்னதில்லை. ஊரில் பொருளாதாரத் தடை வந்தபோது பெற்றோலும் டீசலும் கண்ணில் காணக் கிடைக்கவில்லை. மோட்டார் சைக்கிளுக்குள் சில சொட்டுப் பெற்றோல் விட்டு உதைத்து, சூடானதும் மண்ணெண்ணெயில் ஓட்டுவோம். சமதரையில் கூட இஞ்சினை நிற்பாட்டி உருளவிடுவோம். ஒருநாள் ஷெல் காயம் பட்ட பக்கத்து வீட்டுக்காரர் ஒருவரைப் பின்னால் ஏற்றி, அவர் மகனைப் பிடித்திருக்கச் சொல்லிக்கொண்டு ஆசுப்பத்திரிக்கு ஓடினேன். பாதி வழியில் எண்ணெய் முடிந்தது. தள்ளிக்கொண்டு ஓடினோம். போய்ச் சேர்ந்தபோது அவரை உள்ளே எடுக்கவேண்டிய தேவை இருக்கவில்லை. அதற்குப் பிறகு எந்த வண்டியில் ஏறினாலும் என் கண் மானியில்தான். இதைச் சாக்காகச் சொல்லவில்லை. அந்தத் தெருவில் ஒரு போத்தல் எண்ணெய் ஒரு உயிர். நோர்வேயில் இருபது கிலோமீற்றருக்கு ஒரு பெற்றோல் நிலையம் இருந்தது. அந்த வித்தியாசத்தைப் புரிந்துகொள்ளாதது என் பிழை.

நான் வடக்கே மீன் தொழிற்சாலையில் வேலை செய்த காலம் முடிந்து, நீயும் அம்மாவும் ஊரிலிருந்து வந்து சேர்ந்த பிறகு நாம் ஒஸ்லோவுக்கு இறங்கி புருசெத்தில் இந்த வீட்டை எடுத்தது உனக்கு நினைவிருக்கும். நான் களஞ்சியசாலையில் பாரம் தூக்கும் வண்டி ஓட்டினேன். அங்கே என்னோடு வேலை செய்த ஆர்னே, நம் டீசல் பிக்கப்பில் கொளுவத் தன் பழைய கரவானை எனக்கு மலிவாகத் தந்தார். தந்த அன்று கொளுக்கியை மாட்டிக் காட்டிவிட்டு, என் தோளில் கை வைத்து ஒன்று சொன்னார்: "மலையில் இறங்கும்போது கியரைக் குறைத்துவிடு. அங்கே இஞ்சின்தான் உன் பிரேக். கால் பிரேக்கை நம்பாதே." நான் தலையாட்டினேன். பக்கத்தில் அம்மாவும் நின்றாள். அவளுக்கு நோர்வேஜிய மொழி என்னைவிட நன்றாக விளங்கும்.

அதற்குப் பிறகு நான் உங்கள் இருவரையும் என்ன பாடு படுத்தினேன் என்பது உனக்குத் தெரியும். வெயில் தடுக்கும் மட்டையில் பென்சிலால் லீற்றர் கணக்கு எழுதிவைத்தேன். கோவிலில் ஒருவர், "உது டீசலை மாடு மாதிரிக் குடிக்குமே, ஏன் உந்தக் கரவானை வாங்கினனீர்?" என்று கேட்ட நாளிலிருந்து அந்தக் கணக்கைக் குறைப்பதே எனக்கு விடுமுறை. முதல் கோடையில் சுவீடன் எல்லைக்குப் போனோம். அம்மா குளிரூட்டியைப் போட்டபோது நிற்பாட்டினேன். இரண்டாவது கோடையில் தெற்குக் கடற்கரைக்குப் போனோம். அவள் எடுத்துவைத்த அரிசிப் பையைத் தராசில் நிறுத்துப் பாதியை வீட்டில் இறக்கினேன். உன் புத்தகங்களையும் இறக்கினேன். நீ ஜன்னலைத் திறந்தால் காற்று இழுக்குது, பூட்டு என்று கத்தினேன். ஒரு தகப்பன் தன் குடும்பத்தோடு கரவானில் போன மூன்று கோடைகளில் இரண்டை இப்படித்தான் செலவழித்தான்.

மூன்றாவது கோடையில் மேற்கே போகத் தீர்மானித்தோம். நீ உன் சைக்கிளைக் கொண்டுவரக் கேட்டாய். முடியாது என்றேன். நான் டீசல் அடிக்கப் போன நேரத்தில் நீயும் அம்மாவும் அதைக் கரவானின் பின்பக்கக் கட்டிலுக்கும் சுவருக்கும் இடையில் வைத்துப் போர்வையால் மூடினீர்கள். எனக்கு அப்போது தெரியாது.

ஹெம்செதால் ஊரைத் தாண்டி மலையில் ஏறும்போது பிக்கப் மூச்சு வாங்கியது. மானி முள் இறங்குவதைப் பார்த்துப் பார்த்து எனக்குள் கோபம் ஏறியது. மேலே, மரமில்லாத அந்த வெளியில் அம்மா நிற்பாட்டச் சொன்னாள். என் வேலை ஜக்கெற்றை உடுப்புக்கு மேலே போட்டுக்கொண்டு, ஓரத்தில் கிடந்த பழைய பனியை உதைத்து உதைத்து நடந்தாள். நீ அவளைப் படம் எடுத்தாய். பிளாஸ்கிலிருந்து தேநீர் ஊற்றித் தந்தாள். நான் பொனற்றின் மேல் தாளை வைத்துக் கணக்குப் பார்த்தேன். அவள் அங்கே என்ன கதைத்தாள் என்று எவ்வளவு யோசித்தாலும் எனக்கு ஒரு சொல் கூட வரவில்லை. கணக்கு மட்டும் நினைவிருக்கிறது. பத்துக் கிலோமீற்றருக்கு ஒன்று தசம் ஒன்பது லீற்றர்.

இறக்கம் தொடங்கியபோது நீ பின் ஆசனத்தில் காதில் பாட்டை மாட்டிக்கொண்டு கண்ணை மூடியிருந்தாய். அதனால் இனி நான் எழுதப்போவதை நீ கேட்கவில்லை. கேட்ட இருவரில் ஒருத்தி இல்லை. மற்றவன் இன்றுவரை வாய் திறக்கவில்லை.

முதல் வளைவு கழிந்ததும் நான் கியரை எடுத்து நியூட்ரலில் விட்டேன். இஞ்சின் சத்தம் அடங்கியது. அம்மா திரும்பிப் பார்த்தாள்.

"இஞ்சருங்கோ, என்ன இஞ்சின் சத்தத்தைக் காணேல்லை?"

"நியூட்ரலிலை விட்டிட்டன். ஏறேக்கை குடிச்சதை இறங்கேக்கை திருப்பி எடுக்கவேணும்."

"ஆர்னே கியரிலை இறங்கச் சொன்னவரல்லே?"

"ஆர்னே ஆயிரம் சொல்லுவார். நீர் பேசாமல் வாரும்."

அவள் பேசாமல் வந்தாள். பாதை நீளமாக, நன்றாகச் சரிந்து இறங்கியது. நான் பிரேக்கை மிதித்து மிதித்து வேகத்தைப் பிடித்தேன். கரவான் பின்னாலிருந்து தள்ளிக்கொண்டே வந்தது. நான்கைந்து வளைவுக்குப் பிறகு அவள் மறுபடி கேட்டாள்.

"ஏதோ கருகி மணக்குது."

"லொறி ஒண்டு முன்னாலை போனது. அதின்ரை மணம்."

முன்னால் எந்த லொறியும் போகவில்லை, தம்பி. அது எங்கள் பிரேக்கின் மணம். எனக்குத் தெரியும். அடுத்த தரிப்பிடத்தில் நிற்பாட்டுவோம் என்று நினைத்தேன். தரிப்பிடம் வந்தது. நிற்பாட்டினால் உருண்டு வந்த வேகம் வீணாகும் என்று அதைக் கடந்து விட்டேன். அடுத்த வளைவில் மிதித்தபோது கால் தரை வரைக்கும் போனது. பஞ்சை மிதித்தது போல் இருந்தது. கியரைப் போடப் பார்த்தேன். அந்த வேகத்தில் அது உள்ளே போகாமல் அலறியது. அம்மா ஒன்றும் கேட்கவில்லை. பின்னால் கையை நீட்டி உன் முழங்காலைப் பிடித்தாள். அதற்குள் கரவான் பக்கவாட்டில் வீசி எங்களை இழுத்தது. பாறையில் மோதியது அவளுடைய பக்கம்.

உனக்குத் தோள் எலும்பு முறிந்தது. எனக்குக் கையில் ஒரு கீறல். ஹெலிகொப்ரரில் அவளை எடுத்துக்கொண்டு போனார்கள்.

அவள் நான்கு நாள் இருந்தாள். உன்னை மூன்றாம் நாள்தான் அவள் அறைக்குள் விட்டார்கள். அப்போது அவளுக்கு நினைவில்லை. ஆனால் இரண்டாம் நாள் காலையில் நினைவு இருந்தது. நான் தனியாக இருந்தேன். "பெடியன்?" என்று கேட்டாள். தோளில் மட்டும் முறிவு, நல்லா இருக்கிறான் என்றேன். கண்ணை மூடிக்கொண்டு கிடந்தாள். பிறகு சொன்னாள்: "அவன்ரை சைக்கிளை நான்தான் ஏத்தினனான். பின்பக்கத்திலை கிடக்கும். கண்டிட்டு அவனைப் பேசிப்போடாதேங்கோ. அதைப் பற்றி அவனோடை ஒருநாளும் கதைக்காதேங்கோ." நான் சரி என்றேன். அவள் என்னிடம் கடைசியாகக் கேட்டது அது. நியூட்ரலைப் பற்றி அவள் ஒரு சொல் சொல்லவில்லை. என்னைக் குற்றம் சொல்லியிருந்தால் நான் பிறகு செய்ததைச் செய்யாமல் இருந்திருப்பேனோ என்று சில நாள் நினைப்பேன். அதுவும் என் பிழையை அவள் மேல் போடுகிற வேலைதான்.

இரண்டு கிழமை கழித்து என்னைப் பொலிசுக்குக் கூப்பிட்டார்கள். நீ அப்போது மோர்டென்ஸ்ருட்டில் சித்தி வீட்டில் இருந்தாய். வண்டியைச் சோதித்த ஒரு பெண் படங்களை மேசையில் பரப்பினாள். பிரேக் தட்டுகள் சூட்டில் நீலம் பாய்ந்து கிடந்தன. மொழிபெயர்க்க ஒரு தமிழ்ப் பெடியன் வந்திருந்தான். கியர் எதில் இருந்தது என்று அவள் கேட்டாள். நான் பொய் சொல்லவில்லை. நியூட்ரல் என்றேன். ஏன் என்று கேட்டாள். டீசல் மிச்சம் பிடிக்க என்றேன். அவள் பேனையைக் கீழே வைத்தாள். பிறகு மெதுவாக விளக்கினாள். அந்தப் பெடியன் மேசையைப் பார்த்தபடியே எனக்குத் தமிழில் சொன்னான்.

"அண்ணை, கியரிலை விட்டுக் காலை எடுத்தால் சில்லுத்தான் இஞ்சினைச் சுத்துமாம். அப்ப டீசல் ஒரு சொட்டும் உள்ளுக்குப் போகாதாம். நியூட்ரலிலை விட்டால்தான் இஞ்சின் அணையாமல் இருக்கிறதுக்கு டீசலை எரிக்குமாம்."

எனக்கு விளங்கவில்லை. "அப்ப?" என்று கேட்டேன்.

அவன் அவளிடம் கேட்கவில்லை. தானாகவே சொன்னான். "அப்ப நீங்கள் மிச்சம் பிடிக்கேல்லை அண்ணை. கூடத்தான் செலவழிச்சிருக்கிறீங்கள்."

நான் சைக்கிளைப் பற்றிக் கேட்டேன். பின்பக்கத்தில் ஒரு சைக்கிள் கிடந்ததே, அதனால்தான் ஆடியதா என்று கேட்டேன். அந்தக் கேள்வியைக் கேட்டபோதே எனக்குள் ஒரு ஆசை இருந்தது என்பதை உன்னிடம் மறைக்கமாட்டேன். அவள் இல்லை என்று தலையை ஆட்டினாள். ஒரு பிள்ளையின் சைக்கிள், அந்த வேகத்தில், பிரேக் இல்லாத அந்த நிலையில், எந்த வித்தியாசமும் செய்திருக்காது என்றாள். அதை எழுதியும் வைத்தாள். பிறகு வழக்கு நடந்தது. என் சாரதி அனுமதிப்பத்திரத்தை எடுத்தார்கள். சிறைத்தண்டனையை ஒத்திவைத்தார்கள். நீங்கள் எல்லோரும் நான் மனம் வெறுத்து வண்டி ஓட்டுவதை விட்டேன் என்று நினைத்தீர்கள். அப்படி நினைக்கவிட்டேன். நம் வீட்டுக்கு வருகிற நோர்வேஜியக் கடிதங்களை எல்லாம் நீதான் வாசித்துச் சொல்வாய். தீர்ப்பு வந்த கடிதத்தை மட்டும் நான் வேலைப்பையில் வைத்துக்கொண்டு திரிந்தேன். அதையும் அந்தப் பெண்ணின் அறிக்கையையும் இதற்குள் வைத்திருக்கிறேன். என் சொல்லை நீ நம்பவேண்டியதில்லை. அவற்றை வாசி.

இனி அம்மாவின் முப்பத்தோராம் நாள் சடங்கு. பொலிசுக்குப் போய் வந்து மூன்று கிழமை கூட ஆகவில்லை. எல்லாம் தெரிந்த பிறகு நடந்தது இது. வீடு நிறையச் சனம். மட்டக்களப்பு அண்ணர் ஒருவர் எனக்கு முன்னால் இருந்து, "நீர் நிதானமாத்தானே ஓடுறனீர், என்னெண்டு நடந்தது?" என்று கேட்டார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அம்மாவின் படம் எனக்குப் பின்னால் இருந்தது. "பின்பக்கம் பாரம் கூடிப்போச்சு. கரவான் ஆடிட்டுது," என்றேன். "என்ன பாரம்?" என்று கேட்டார். நான் அங்கேயாவது நிறுத்தியிருக்கலாம். "எனக்குத் தெரியாமல் சைக்கிள் ஒண்டு ஏத்திக் கிடந்தது," என்றேன்.

நிமிர்ந்தபோது நீ குசினி வாசலில் நின்றாய். ஒரு கை தூக்குத் துணியில் கிடந்தது. மற்றக் கையில் வடைத் தட்டு. நீ அழவில்லை. அந்தத் தட்டைக் கொண்டுவந்து ஒவ்வொருவருக்கும் நீட்டினாய். எனக்கும் நீட்டினாய். நான் ஒன்றை எடுத்தேன். எடுத்துத் தின்றேன், தம்பி. நான் செய்த எல்லாவற்றிலும் அதைத்தான் என்னால் நினைக்க முடிவதில்லை. மலையில் நடந்தது என் மூடத்தனம். வீட்டில் நடந்தது தெரிந்து செய்தது.

பிறகு ஒவ்வொரு வருடமும் சொல்ல நினைத்தேன். பதினைந்து வயதில் சொன்னால் படிப்புக் கெடும் என்றேன். பதினெட்டில் சொன்னால் வீட்டை விட்டுப் போய்விடுவான் என்றேன். நீ எப்படியும் போய்விட்டாய். எதைத் தூக்கினாலும் நீ எடை பார்ப்பதைக் கண்டேன். உன் கலியாணத்தன்று மண்டபத்துக்குப் போகிற வானின் பின்கதவைத் திறந்து, சீர்ச் சாமான்களை எல்லாம் இறக்கி முன்னுக்குத் தள்ளி அடுக்கினாய். வேட்டி கறுத்துப்போயிற்று. பெடியன்கள் சிரித்தார்கள். நிரோசா கூடச் சிரித்தாள். நான் தலையைக் குனிந்துகொண்டு நின்றேன். இந்த வருடம் ஊரில் நடந்தவற்றுக்காகப் பாராளுமன்றத்துக்கு முன்னால் குளிரில் நின்று, இறந்தவர்களைப் பற்றி உண்மையைச் சொல்லுங்கள் என்று கத்தினோமே, அந்தக் கூட்டத்தில் நீ என் பக்கத்தில் நின்றாய். என் தொண்டை கட்டும் வரை கத்தினேன். நீ எனக்குச் சுடுதண்ணீர் வாங்கி வந்து தந்தாய். இறந்த ஒருத்தியைப் பற்றிய உண்மை அப்போதும் என் வாய்க்குள்தான் இருந்தது.

உனக்குப் புத்தி சொல்ல எனக்குத் தகுதியில்லை. ஆனாலும் இரண்டு சொல்வேன். இறக்கம் தொடங்குமுன்னரே கியரைக் குறை. ஏறும்போது போட்ட கியரை விட ஒன்று கீழே என்றாலும் பரவாயில்லை. இஞ்சின் கத்தட்டும். பின்னால் வருகிறவன் ஹோர்ன் அடித்தால் ஓரம் கட்டி அவனை விட்டுவிடு. கருகிய மணம் வந்தால் அந்த இடத்திலேயே நிற்பாட்டி ஒரு மணித்தியாலம் ஆறவிடு. நிரோசா ஏதாவது கேட்டால், என்ன செய்கிறாய், ஏன் செய்கிறாய் என்று முழுதாகப் பதில் சொல். பேசாமல் வா என்று ஒருநாளும் சொல்லாதே. அவள் ஒன்றைக் கவனித்துத்தான் கேட்கிறாள். மற்றது, பிழை செய்தால் அன்றைக்கே சொல். அடுத்த நாளைக்கு வைத்தால் அது பிழையாக இருக்காது, வேறு ஒன்றாக மாறிவிடும். அதற்குப் பிறகு அதைக் காப்பாற்றுவதே உன் சீவியமாகிவிடும். வேண்டிய சாமான் எல்லாவற்றையும் ஏற்று. புத்தகங்களை ஏற்று. அவள் கேட்கிற அரிசிப் பையை ஏற்று.

இன்று காலை, இதுவரை எழுதிவிட்டு, மோர்டென்ஸ்ருட்டுக்குத் தொலைபேசி எடுத்துச் சித்தியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் வேலைக்கு வெளிக்கிட்டுக்கொண்டிருந்தாள். நான் சொல்லி முடிக்கும் வரை கேட்டாள்.

"அத்தான்," என்றாள் பிறகு. "அக்கா போன பிறகு வந்த முதல் வசந்தத்திலை, அவன் என்ரை வீட்டிலை நிக்கேக்கை, என்ரை மூத்தவன்ரை சைக்கிளைத் துடைச்சு அவனுக்குக் குடுத்தனான். ஞாபகமோ? அவன் படிக்கட்டுக்குக் கீழை போய் ஒளிச்சிருந்து அழுதவன். நீங்கள் அவனைப் பாக்க வந்தனீங்கள். சப்பாத்தோடை வாசலிலை நிண்டனீங்கள். ஏன் அத்தான் இவன் இப்பிடி அழுறான் எண்டு உங்களைக் கேட்டனான்."

"ஓம்," என்றேன்.

"தெரியாது எண்டனீங்கள்."

"ஓம்."

அவள் அழுதாளா என்று எனக்குத் தெரியவில்லை. பிறகு சொன்னாள்: "என்ரை அக்காவைப் பற்றி நான் பிறகு கதைக்கிறன். இப்ப எழுதினதை உறையிலை போடுங்கோ. பின்னேரம் வேலை முடிய நான் உங்கடை வீட்டுக்கு வருவன். அது மேசையிலை கிடந்துதோ, நானே எடுத்துக்கொண்டு திராமனுக்கு ரெயின் ஏறுவன்." தொலைபேசியை வைத்துவிட்டாள்.

அவள் அப்படித்தான் சொல்வாள் என்று எனக்குத் தெரியும். அதனால்தான் உன்னிடம் சொல்லுமுன் அவளிடம் சொன்னேன். இந்தக் கடிதத்தை நான் இதற்கு முன்னர் ஏழெட்டுத் தடவை தொடங்கியிருக்கிறேன். ஒவ்வொரு தடவையும் யாருக்கும் தெரியாமல் கிழித்தேன். யாருக்காவது தெரிந்தால்தான் கிழிக்கமாட்டேன் என்ற அளவுக்கு என்னை எனக்குத் தெரியும். அவளுக்கு நான்கு மணிக்கு வேலை முடிகிறது. இப்போது இரண்டரை. நிலையத்துக்குப் பக்கத்துத் தபால் பெட்டியை மூன்று மணிக்குத் திறந்து கடிதங்களை எடுப்பார்கள். உன் விலாசத்தை எழுதிவிட்டேன். மறுபடி வாசித்துப் பார்க்காமல் ஒட்டப்போகிறேன்.

அப்பா